உங்களுக்குத் தெரியுமா? கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரியே அவசரம்

புற்றுநோய்க்குக் கீமோ முடித்து வீடு திரும்பிய அப்பாவுக்கு ராத்திரி உடம்பு சுடுகிறது. ஒரு பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்றுதான் எந்த வீட்டிலும் தோன்றும். இந்தக் காய்ச்சலில் மட்டும் அப்படிக் காத்திருக்கவே கூடாது.

பெரும்பாலும் கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டியது 500க்கும் கீழே போகலாம். சீழ் பிடிப்பதே இந்த அணுக்களால்தான் என்பதால், புண்ணில் சீழோ வீக்கமோ தெரியாமல் போகலாம். நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். மாத்திரை அதையும் மறைத்துவிடும்.

தொட்டுப் பார்ப்பது போதாது, தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) காட்டினால் உடனே டாக்டருக்கு போன் செய்து கிளம்புங்கள். சுரமே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். மருத்துவமனையில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள மருத்துவ வழிகாட்டல்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேடு ஜிப்மரில் புற்றுநோய்ப் பிரிவும் 24 மணி நேர அவசரப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. வண்டி இல்லையென்றால் 108. உள்ளே போனதும் முதல் வாக்கியமே “கீமோ நடக்கிறது, காய்ச்சல்” என்று இருக்கட்டும். கடைசி கீமோ தேதி எழுதிய ஃபைலைக் கையோடு நீட்டுங்கள்.