விபிஎன் கனெக்ட் ஆகிறது, சர்வர் மட்டும் திறக்கவில்லையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையின் பில்லிங் சாஃப்ட்வேரைப் பராமரித்து வருகிறேன். என் வீடு திருவள்ளூரில். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்கு வந்துதான் மாறிப் போக வேண்டும். எனவே பெரும்பாலான வேலைகளை வீட்டிலிருந்தே விபிஎன் மூலம் முடித்து விடுவேன்.

விபிஎன் என்றால் என்ன? இன்டர்நெட் என்ற பொதுச் சாலைக்கு அடியில் நமக்கென்று போட்டுக் கொள்ளும் சுரங்கப் பாதை என்று வைத்துக் கொள்ளுங்கள். தகவல்கள் ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டு வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும், வரும்.

ஒரு நாள் இரவு 9 மணிக்குப் போன் வந்தது. "சார், பில் வரலை. லாரி லோடு ஏத்திட்டு நிக்குது." சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பொதுவாக இ-வே பில் வேண்டும். பில் இல்லாமல் லாரி கிளம்பாது. லேப்டாப்பைத் திறந்தேன். விபிஎன் 'கனெக்டட்' என்றது. ஆனால் 192.168.1.10 என்ற முகவரியில் உள்ள சர்வர் திறக்கவில்லை. அன்று காலையில்தான் என் வீட்டில் புது பிராட்பேண்ட் ரவுட்டர் மாட்டியிருந்தார்கள்.

முதல் சோதனை: மொபைல் ஹாட்ஸ்பாட்

வீட்டு வைஃபையைத் துண்டித்து விட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து விபிஎன் போட்டேன். சர்வர் உடனே திறந்தது. பில் தயாரானது, லாரி கிளம்பியது.

நீங்களும் முதலில் இதையே செய்யுங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் கோளாறு வீட்டு ரவுட்டர் அல்லது பிராட்பேண்ட் பக்கம். அதிலும் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரிலோ அலுவலகத்திலோ சிக்கல்.

முகவரி மோதல்

காந்தி தெரு இல்லாத ஊர் உண்டா? கும்மிடிப்பூண்டி காந்தி தெரு 10-ம் எண் வீட்டுக்கு, ஊர் பெயர் எழுதாமல் திருவள்ளூரில் ஒரு கடிதம் கொடுத்தால் என்ன ஆகும்? திருவள்ளூர் காந்தி தெருவிலேயே தேடுவார்கள். என் லேப்டாப்பும் இதைத்தான் செய்தது.

10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் தங்கள் நெட்வொர்க்குக்குள் பயன்படுத்தலாம் என்பது 1996-ல் வெளியான விதிமுறை. ரவுட்டர்கள் பல 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியுடனேயே கடைக்கு வருகின்றன. தொழிற்சாலையிலும் 192.168.1, என் புது ரவுட்டரிலும் அதே 192.168.1. அதனால் தொழிற்சாலை சர்வரை லேப்டாப் என் வீட்டுக்குள்ளேயே தேடியது.

உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்க, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். வைஃபை பகுதியில் 'டிஃபால்ட் கேட்வே' எதிரே உள்ள எண்ணையும் அலுவலக சர்வர் எண்ணையும் ஒப்பிடுங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் மோதல்தான்.

சரி செய்வது எப்படி?

பிரவுசரில் கேட்வே எண்ணை டைப் செய்து ரவுட்டருக்குள் நுழையுங்கள். பாஸ்வேர்ட் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். 'லேன்' பகுதியில் ஐபி முகவரியை 192.168.57.1 என்று மாற்றி சேவ் செய்யுங்கள். ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, எல்லாக் கருவிகளையும் மீண்டும் இணையுங்கள். நிலையான ஐபி கொடுத்து வைத்த பிரிண்டர், கேமரா இருந்தால் அவற்றிலும் மாற்ற வேண்டும். அடுத்த முறை நுழைய 192.168.57.1 என்றுதான் டைப் செய்ய வேண்டும். குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

வேறு அறிகுறிகள்

சர்வர் திறக்கிறது, ஆனால் பெரிய ஃபைல்கள் பாதியில் நிற்கின்றனவா? எம்டியு அளவைப் பாருங்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட். பிபிபிஓஇ முறையில் லாகின் செய்யும் பிராட்பேண்டில் 8 பைட் போய் 1492 ஆகிவிடும். விபிஎன் இன்னும் கொஞ்சம் எடுத்துக் கொள்ளும். விபிஎன் எம்டியுவை 1400 ஆகக் குறைத்துப் பார்க்கும்படி அலுவலக அட்மினிடம் கேளுங்கள்.

விபிஎன் கனெக்டே ஆகவில்லையா? அலுவலகம் பழைய பிபிடிபி முறையைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். சில ரவுட்டர்கள் அதை விடுவதில்லை. அது பாதுகாப்பானதும் இல்லை. மாற்றச் சொல்வதே நல்லது.

செய்யக் கூடாதவை இரண்டு

ரவுட்டரின் ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள். பிராட்பேண்ட் லாகின் விவரங்கள் அழிந்து இன்டர்நெட்டே போய்விடலாம்.

இரண்டாவது முக்கியம். அன்றிரவு போனில் பேசியவர், "சார், ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389-ஐ வெளியே திறந்து விடட்டுமா?" என்றார். கூடவே கூடாது என்றேன். உலகம் முழுவதும் திறந்த 3389-ஐத் தேடி அலையும் ரான்சம்வேர் கும்பல்கள் உண்டு. ஒரு லாரியை அனுப்பப் போய், மறுநாள் மொத்த பில்லிங்கும் பூட்டப்பட்டுக் கிடக்கும். எவ்வளவு அவசரம் என்றாலும் கதவைத் திறந்து போடாதீர்கள். ஹாட்ஸ்பாட் போடுங்கள், நிதானமாகக் காரணத்தைத் தேடுங்கள்.