ஒத்திகை இல்லாத நாடகம்

ஆசிரியப் பணியில் நான் கழித்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாடகப் பந்தலுக்குப் போகாத ஆண்டே கிடையாது. ஆயினும், நாடகம் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. பங்குனி, சித்திரைத் திருவிழாக்களின்போது எங்கள் மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் விடிய விடிய நாடகம் நடக்கும். நான் டார்ச்சு விளக்கும் கையுமாகக் கூட்டத்தின் ஓரத்தில் போய் நிற்பேன். பாயில் அமர்ந்திருக்கும் என் மாணவர்களை இனங்கண்டு, “நாளைக்குத் தேர்வு, வீட்டுக்குப் போ” என்று எழுப்பி அனுப்பிவிட்டுத் திரும்புவேன். என் முகம் பிள்ளைகளை நோக்கி இருந்தது. முதுகே மேடையை நோக்கி இருந்தது.

சென்ற சித்திரையில் என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னைப் போலவே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். “இன்றிரவு வள்ளி திருமணம் நடக்கிறது. பிள்ளை குட்டிகள் வேண்டா. நீரும் நானுமாகப் போவோம். மங்களம் பாடும்வரை எழுந்திருக்கக் கூடாது” என்றார். பேரப்பிள்ளைகள் இருவரும் தாங்களும் வருவதாக அடம் பிடித்தார்கள். என் மனமும் சிறிது இளகிற்று. ஆனால் அவர்களை அழைத்துச் சென்றால் தாகம், தூக்கம், செருப்பைக் காணோம் என்று மீண்டும் நான் காவற்காரனாகிவிடுவேன் என்பதை அறிந்திருந்தேன். மருமகளிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, குற்றவாளியைப் போல் தெருவில் இறங்கினேன்.

நாங்கள் பார்க்கச் சென்றது ‘ஸ்பெஷல் நாடகம்’ என வழங்குவது. இதனை நடத்த நாடகக் கம்பெனி என்று ஒன்று இல்லை. ராஜபார்ட்டு ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டு வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் அந்த ஓர் இரவுக்கென்று தனித்தனியே அழைக்கப்படுகின்றனர். ஒத்திகை என்பதே இல்லை. ஒருவரையொருவர் முதன்முறையாக ஒப்பனை அறையில் சந்திப்பதும் உண்டு. சற்று நேரத்தில் அவர்களே காதலராகவும் தந்தையும் மகளுமாகவும் மேடையில் நிற்பார்கள். இஃது எங்ஙனம் இயலும் என்பதே என் வியப்பு.

இயல்வதற்குக் காரணம் ஒரு வாத்தியார். அவர் 1867 முதல் 1922 வரை வாழ்ந்த சங்கரதாஸ் சுவாமிகள். தொடக்கத்தில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராயிருந்து, பின்னர் நாடகத்துக்கு வந்தவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி நடிக்க வைத்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குப் பயின்றவர்களே. சுவாமிகளின் பாடத்தைக் கற்றவர் எவ்வூரினராயினும், எந்தப் பாட்டிற்குப்பின் எந்தப் பாட்டு, எவருக்குப்பின் எவர் என்பதை அறிவார். ஒரே பாடப்புத்தகத்தைப் படித்த இருவர் அறிமுகமின்றியே உரையாடுவதைப் போன்றது இது.

இரவு பத்து மணியளவில் பின்பாட்டுக்காரர்கள் கடவுள் வணக்கம் பாடினர். பிறகு பபூன் வந்தார். அடுத்து நடனமாடும் பெண்மணி வந்தார். அவர்களுடைய பேச்சில் இரட்டைப் பொருள் மிகுதி. பேரப்பிள்ளைகளை அழைத்து வராததே நன்று என்று அப்போது எண்ணினேன். அவ்வெண்ணத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நான் அறிந்திருந்த நாடகம் இவ்வளவே. விளக்கோடு வந்த காலத்தில் இந்தப் பகுதியைக் கேட்டுத்தான் முகஞ்சுளித்துத் திரும்பியிருக்கிறேன். கதை தொடங்குவதோ நள்ளிரவுக்குப் பின்னர். குழந்தைகள் உறங்கிய பிறகு ஊரில் மற்றொரு பள்ளிக்கூடம் திறக்கப்படுகிறது என்பதை நான் அறியாமலே தலைமையாசிரியனாக இருந்திருக்கிறேன்!

தினைப்புனத்துப் பரண்மீது வள்ளி நின்றாள். நாரதர் வந்தார். இருவருக்கும் தர்க்கம் மூண்டது. பாட்டுகள் சுவாமிகளுடையவை, அவற்றுக்கு இடையே நிகழும் தர்க்கமோ அவ்விருவரும் அங்கேயே, அப்போதே தொடுப்பது. எவர் என்ன கேட்பார் என்பது மற்றவருக்குத் தெரியாது. ஓரிடத்தில் நாரதர் பேச்சு வேகத்தில் கதையை விட்டு வெகுதூரம் போய்விட்டார். வள்ளி சினவாமல், “முனிவரே, வந்த காரியம் யாதோ?” என்று வினவினாள். அந்த ஒரு வினாவால் அவர் பாதைக்குத் திரும்பினார். அவர் குரலெடுக்குமுன்பே ஆர்மோனியம் சுருதியைக் காட்டிற்று. தடம் மாறிய மாணவனைத் தலைகுனிய வைக்காமல் பாடத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு விரிவுரைகள் நிகழ்த்தினார்கள். நான் அதைச் செய்து காட்டக் கண்டது அன்றுதான்.

பிறகு நாரதர் ஒரு கேள்வி கேட்டார்: “பசித்து வந்த பறவையைக் கவண்கல்லால் விரட்டுவது அறமோ?” எனக்குத் திடுக்கிட்டது. நேயர்களே, அந்தக் கேள்வியை நான் முன்னரே கேட்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, திருவிழாவிற்கு மறுநாள் என் வகுப்பில் ஒரு மாணவன் தூங்கி விழுந்தான். “இரவெல்லாம் விழித்திருந்து என்ன கற்றாய்?” என்று அதட்டினேன். அவன் எழுந்து, “பசித்த கிளியை விரட்டலாமா என்று நாரதர் கேட்டார், ஐயா. அதற்கு வள்ளி…” என்று தொடங்கினான். அதைத் துடுக்கென்று கருதி, “வெளியே போய் நில்” என்றேன். அவன் விடையை முடிக்கவில்லை.

அன்றிரவு நான் முன்னே சாய்ந்து, செவியைத் தீட்டிக்கொண்டேன். “உழுதவன் வயிற்றுக்கும் பசி உண்டு, சுவாமி. என் கல் பறவையைக் கொல்வதற்கன்று, எழுப்புவதற்கு” என்றாள் வள்ளி. கூட்டம் ஆரவாரித்தது. என் நண்பரிடம், “எல்லா ஊரிலும் வள்ளி இதைத்தான் சொல்வாளா?” என்று கேட்டேன். அவர் சிரித்து, “அஃது எப்படி? ஆளுக்கு ஒரு விடை. இரவுக்கு ஒரு விடை. இன்று கேட்டது இன்றைக்கு மட்டுந்தான்” என்றார்.

விடியும் வேளையில் மங்களம் பாடினர். நாங்கள் தேநீர் அருந்திவிட்டு வயல்வரப்பின் வழியே நடந்தோம். பிள்ளைகளைப் புறக்கணித்துவிட்டேனோ என்று கிளம்பும்போது எழுந்த ஐயம் இப்போது இல்லை. பெரியவர் ஒருவர் முதலில் தாமே முழுதும் பார்த்தாலன்றி, பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம், எதை விலக்கலாம் என்று அறிய இயலாது. பாராமலே விலக்கிய என் பிழை அதுவே. பேரப்பிள்ளைகளுக்கு மாலையில் கதை முழுவதையும் சொன்னேன். அடுத்த ஆண்டு, கதை தொடங்கும் நேரத்துக்கு அவர்களை எழுப்பி அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அந்த மாணவன் கேட்ட விடை என்ன? அஃது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இரவின் வள்ளி சொன்னது. அவன் ஒருவன் எனக்காகச் சுமந்து வந்தது. நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று அவன் நாற்பதைக் கடந்திருப்பான். எங்கேனும் கண்டால், தேர்வு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசமாட்டேன். “தம்பி, அன்று வள்ளி என்ன சொன்னாள்?” என்றே கேட்பேன்.