தொட்டி கீழே இறங்கினால்தான் வேலை முடிந்தது!

ரெம்பியா வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளுக்கு டிப்பர் லோரி புதிதல்ல. செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோவதும் அதுதான். தோட்டப் பாதைக்குச் செம்மண்ணும் கல்லும் கொண்டுவந்து கொட்டுவதும் அதுதான். தொட்டி மெள்ள மெள்ள மேலே எழும்புவதை நம் பிள்ளைகள் தேரோட்டம் பார்ப்பதுபோல் வாய் பிளந்து பார்ப்பார்கள். பெரியவர்களான நமக்கோ அது பழகிப்போச்சு. பழகிப்போனதாலேயே பயமும் விட்டுப்போச்சு. இந்த வாரம் அதைப்பற்றிச் சிறிது பேசுவோம்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு வழியாகத் திருச்சூர் போகும் சாலையில் குதிரான் என்ற மலை இருக்கிறது. அதைக் குடைந்து சுரங்கப் பாதை போட்டிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் ஒரு டிப்பர் லோரி, தூக்கிய தொட்டியை இறக்காமலேயே அதற்குள் ஓடியது. கூரையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளும் கண்காணிப்புக் கேமராக்களும் நொறுங்கி விழுந்தன.

அங்கே போனது விளக்கு. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் போனதோ உயிர். மேலே தூக்கிய நிலையில் ஓடிய குப்பை லோரி ஒன்று, நெடுஞ்சாலைக்கு மேலிருந்த நடைபாலத்தில் மோதியது. பாலம் இடிந்து விழுந்தது; ஓட்டுநர் மாண்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 31ஆம் தேதி, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பெர்லிங்டன் பெரும்பாலத்தின் இரும்புச் சட்டங்களில் ஒரு டிப்பர் இதேபோல் மோதி, பாலத்தின் ஒரு திசைப் பாதையைச் சில நாள் மூடவேண்டியதாயிற்று. பிறகு அந்த மாநிலம், தொட்டி மேலே இருந்தால் ஓட்டுநருக்கு விளக்கும் ஒலியும் எச்சரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

"தொட்டி மேலே நிற்பதுகூடவா தெரியாது?" என்று கேட்பீர்கள். தெரியாமல் போகும். தொட்டியைத் தூக்குவது எண்ணெய் பம்பு. அந்தப் பம்பைச் சுழற்றுவது லோரியின் இஞ்சின். கொட்டி முடித்ததும் அந்த இணைப்பைத் துண்டிக்க மறந்தால், லோரி ஓட ஓடத் தொட்டி தானே எழும்பக்கூடும். தொட்டி இருப்பதோ ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். "கொட்டியாச்சு, கிளம்பண்ணே!" என்று கீழே நிற்பவர் குரல் கொடுப்பார், அடுத்த நடைக்கு நேரமாச்சே என்று அண்ணனும் கிளம்பிவிடுவார். அந்த அவசரத்தில்தான் வினை.

நம் தோட்டத்தில் சுரங்கமும் இல்லை, பெரும்பாலமும் இல்லை. ஆனால் மின்கம்பி இருக்கிறது. தூக்கிய தொட்டி கம்பியில் உரச வேண்டும் என்பதுகூட இல்லை; உயர் அழுத்தக் கம்பிக்கு மிக அருகே போனாலே மின்சாரம் தாவும். அப்படி ஆகிவிட்டால் ஓட்டுநர் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் உதவி செய்வதாக நினைத்து லோரியைத் தொடக்கூடாது. பத்து மீட்டருக்கு அப்பால் விலகி நின்று, மின்சார வாரியத்துக்கும் 999க்கும் தகவல் சொல்ல வேண்டும். லோரி தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால், லோரியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, கவிழ்வது. மழை பெய்து ஊறிய மண்ணில் ஒரு பக்கச் சக்கரம் புதைந்தால் போதும். ஈரமண் தொட்டியின் மேல்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டால் பாரம் முழுக்க உயரத்தில் நிற்கும். லோரி பக்கவாட்டில் சாயும். ஆகவே சமதரையில்தான் கொட்ட வேண்டும். பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களே, லோரி கிளம்பிய பிறகு பொறுக்கினால் பழம் ஓடிவிடாது!

மூன்றாவதுதான் மிகக் கொடியது. தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, அதற்கும் சட்டத்துக்கும் நடுவே தலையை நுழைத்துப் பழுது பார்ப்பது. எண்ணெய்க் குழாய் வெடித்தால், அல்லது உள்ளே யாராவது கை தவறி விசையைத் தொட்டால், தொட்டி கண் இமைக்கும் நேரத்தில் இறங்கும். கத்தக்கூட நேரம் கிடைக்காது. காலித் தொட்டியாக இருக்க வேண்டும். அதற்கென்றே உள்ள இரும்பு முட்டைக் கொடுக்க வேண்டும். இஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மரக்கட்டையை முட்டுக் கொடுப்பது எமனுக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

"இதெல்லாம் சரி ஐயா, மண்டோர் அவசரப்படுத்தினால் நாங்க என்ன செய்றது?" என்று கேட்பது நமக்குக் கேட்கிறது. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, நிர்வாகத்திடம் சொல்லியும் அது ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. விபத்து நடந்துவிட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு. பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள்.

சொக்சோ பணம் அடுப்பெரிய உதவும். அப்பாவைத் திருப்பித் தராது. ஓட்டும் அண்ணன்மார்களே, கொட்டி முடித்ததும் ஒரு தடவை இறங்கிப் பின்னால் பாருங்கள். கீழே நிற்கும் தம்பிமார்களே, தொட்டி சட்டத்தில் வந்து உட்கார்ந்த பிறகே "கிளம்பண்ணே" என்று சொல்லுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். ஒரு நடை குறைந்தால் நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஆள் குறைந்தால்?