நீடித்த உத்தரவாதம்: வாங்குவதா, விடுவதா?

(வணிகக் கல்வியும் கணக்கீடும், கணிதம் ஆகிய பாடங்களைக் கற்கும் க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு உரியது)

அறிமுகம்

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பல வீடுகளில் மடிக்கணினி பற்றிய பேச்சு எழுகின்றது. சீட்டுப் பணத்தையோ, நகை அடகு வைத்த பணத்தையோ கொண்டு பெற்றோர் அதனை வாங்குகின்றனர். பணம் செலுத்தும் வேளையில், "மேலும் கொஞ்சம் கட்டினால் இரண்டு வருட உத்தரவாதம் கூடுதலாகத் தருவோம்" என்று விற்பனையாளர் கூறுவார். அந்த இடத்தில் ஐந்து நிமிடத்தில் முடிவு எடுக்க வேண்டியுள்ளது. அம்முடிவை எவ்வாறு எடுப்பது என்பதை நீங்கள் கற்ற காப்புறுதி, நிகழ்தகவு ஆகிய அலகுகளின் துணையுடன் நோக்குவோம்.

1. உத்தரவாதத்தின் வகைகள்

(அ) உற்பத்தியாளர் உத்தரவாதம்: பொருளின் விலையிலேயே அடங்கியது. மடிக்கணினிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் வழங்கப்படும். உற்பத்திக் குறைபாட்டினால் ஏற்படும் பழுதுகளையே இது உள்ளடக்கும்.

(ஆ) நீடித்த உத்தரவாதம்: முதல் உத்தரவாதம் முடிந்த பின்னர், குறித்த காலத்துக்குப் பழுதுகளைத் திருத்தித் தருவதாகத் தனிக் கட்டணம் பெற்று அளிக்கப்படும் வாக்குறுதி.

இரண்டாவது வகை இயல்பில் காப்புறுதியை ஒத்தது. பலரிடம் சிறு தொகை பெறப்பட்டு, சிலருக்கு ஏற்படும் பெரிய செலவு ஈடு செய்யப்படுகின்றது. ஆயினும் கடை தரும் உத்தரவாதம் காப்புறுதிக் கம்பனியின் ஒப்பந்தம் அன்று. கடை மூடப்பட்டால் வாக்குறுதியும் பயனற்றுப் போகலாம்.

2. கட்டணம் இன்றியே கிடைக்கும் பாதுகாப்பு

சட்டம் ஏற்கனவே தந்துள்ள உரிமைக்கு நாம் மீண்டும் பணம் செலுத்தக் கூடாது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருத்தல் போன்ற உட்கிடையான நிபந்தனைகளைக் கூறுகின்றது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், குறைபாடுள்ள பொருள் பற்றி அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். அதிகாரசபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977 ஆகும். முறைப்பாடுகளுக்குக் கால எல்லை உண்டு. எனவே குறை தெரிந்தவுடனேயே முறையிடுதல் வேண்டும். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பாதுகாப்பாக வைத்திருத்தல் அவசியம்.

3. கணக்கிட்டுப் பார்ப்போம்

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

மடிக்கணினியின் விலை: ரூபா 180,000
உற்பத்தியாளர் உத்தரவாதம்: 1 வருடம்
நீடித்த உத்தரவாதம் (2 ஆம், 3 ஆம் வருடங்கள்): ரூபா 18,000
அக்காலத்தில் பழுதடையும் நிகழ்தகவு: 0.15
ஒரு திருத்தத்தின் சராசரிச் செலவு: ரூபா 60,000

எதிர்பார்க்கும் செலவு = 0.15 × 60,000 = ரூபா 9,000

அதாவது, சராசரியாக 9,000 ரூபா பெறுமதியான பாதுகாப்புக்கு 18,000 ரூபா கேட்கப்படுகின்றது. விற்பனையாளர் பக்கமிருந்து பார்த்தால், 100 பேர் வாங்கினால் வருமானம் 1,800,000 ரூபா. 15 திருத்தங்களுக்கான செலவு 900,000 ரூபா. மிகுதியிலிருந்து நிர்வாகச் செலவும் தரகும் போக எஞ்சுவது இலாபம்.

சமநிலை நிகழ்தகவு = 18,000 ÷ 60,000 = 0.30

பழுதடையும் வாய்ப்பு 30 சதவீதத்திலும் கூடினாலே இவ்வுத்தரவாதம் சராசரியில் இலாபம் தரும்.

4. புள்ளிவிபரத்தை வாசிக்கும் முறை

அமெரிக்காவின் ஸ்குவெயர்ட்ரேட் என்ற நிறுவனம் ஏறத்தாழ 30,000 மடிக்கணினிகளை ஆராய்ந்து 2009 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று வருடங்களில் 31 சதவீதமானவை பழுதடையும் என அது மதிப்பிட்டது. இவ்வெண்ணைக் கேட்டவுடன் நீடித்த உத்தரவாதம் கட்டாயம் தேவை என்று தோன்றும். ஆனால் மூன்று விடயங்களை அவதானிக்குக.

முதலாவது, இந்நிறுவனம் உத்தரவாதம் விற்பதையே தொழிலாகக் கொண்டது. தரவைத் தருபவர் யார் என்று கேட்பது நல்ல மாணவரின் பழக்கம்.

இரண்டாவது, 31 சதவீதத்தில் 20.4 சதவீதமே இயந்திரப் பழுது. மிகுதி 10.6 சதவீதம் கீழே விழுதல், நீர் சிந்துதல் போன்ற விபத்துக்கள். விபத்துச் சேதம் சாதாரண உத்தரவாதத்தில் பொதுவாக அடங்குவதில்லை.

மூன்றாவது, அவ்வெண் முதல் வருடத்தையும் உள்ளடக்கியது. முதல் வருடப் பழுதுகளை உற்பத்தியாளரே திருத்தித் தருவார். ஆகவே நீடித்த உத்தரவாதம் பயன்படும் வாய்ப்பு 31 சதவீதத்திலும் குறைவானது.

5. சராசரி மட்டும் போதுமா?

போதாது. ஒரு குடும்பம் வாங்குவது நூறு கணினிகளை அன்று, ஒன்றையே. அது பழுதடைந்தால் 60,000 ரூபாவைத் திரட்ட முடியுமா என்பதே முக்கிய வினா.

சேமிப்பில் போதிய பணம் உள்ள குடும்பத்துக்கு 60,000 ரூபா ஒரு சிரமம், அவ்வளவே. அது உத்தரவாதத்தை விட்டுவிடலாம். கடன் பட்டுக் கணினி வாங்கிய குடும்பத்துக்கோ அதே தொகை பிள்ளையின் கற்கையையே இடைநிறுத்தக் கூடியது. தாங்க முடியாத நட்டத்தைத் தவிர்க்கச் சராசரியிலும் கூடிய கட்டணம் செலுத்துவது மடமையன்று. காப்புறுதியின் அடிப்படையே அதுதான்.

இடைவழியும் ஒன்றுண்டு. 18,000 ரூபாவை அன்றே வங்கிக் கணக்கில் தனியாக இட்டுவிடலாம். பழுது ஏற்படாவிட்டால் பணமும் வட்டியும் நமக்கே. ஆயினும் பெரிய பழுது ஏற்பட்டால் மிகுதி 42,000 ரூபாவை வேறு வழியில் தேட வேண்டும். அது இயலுமாயின் இவ்வழியே சிறந்தது.

இலங்கையில் இன்னொரு காரணியும் உண்டு. கணினி உதிரிப்பாகங்கள் இறக்குமதி செய்யப்படுபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை உயர்ந்தது. அவ்வாறான காலத்தில் திருத்தச் செலவும் உயரும். முன்கூட்டியே ரூபாவில் செலுத்திய உத்தரவாதம் அந்த விலையேற்றத்திலிருந்து காக்கும். ஆனால், "பாகங்களின் விலை வேறாக அறவிடப்படும்" என்ற நிபந்தனை இருந்தால் இப்பயன் கிடையாது.

6. கையொப்பமிட முன் கேட்க வேண்டியவை

(i) பொறுப்பேற்பவர் யார்: உற்பத்தியாளரா, இலங்கை முகவரா, கடையா?
(ii) பாகங்களும் கூலியும் இரண்டும் அடங்குமா?
(iii) பற்றரி அடங்குமா? பற்றரி பாவனையால் தேய்வதால் பெரும்பாலும் விலக்கப்படும்.
(iv) விபத்து, மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகியவற்றால் ஏற்படும் சேதம் அடங்குமா?
(v) திருத்தும் நிலையம் எங்குள்ளது? வவுனியாவில் வாங்கிய கணினியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாயின் செலவு யாருடையது?
(vi) பின்னர் வாங்கலாமா? சில உற்பத்தியாளர்கள் முதல் உத்தரவாதம் முடியும் வரை அவகாசம் தருகின்றனர்.

கடைசி வினா முக்கியமானது. பிரித்தானியாவில் 2005 இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிப்படி, வீட்டு மின்சாரப் பொருள்களுக்கான நீடித்த உத்தரவாதத்தின் விலையை எழுத்தில் தந்து, அவ்விலையில் பின்னர் வாங்க 30 நாள் அவகாசமும் அளிக்க வேண்டும். அவசரத்தில் எடுக்கும் முடிவு நுகர்வோருக்குப் பாதகமானது என்பதே இதன் அடிப்படை. இங்கும் "நாளை வந்து சொல்கிறோம்" என்று கூற நுகர்வோருக்குத் தடையில்லை.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: 40,000 ரூபா பெறுமதியான அச்சுப்பொறிக்கு 6,000 ரூபா நீடித்த உத்தரவாதம் கேட்கப்படுகின்றது. பழுதடையும் நிகழ்தகவு 0.20, திருத்தச் செலவு 15,000 ரூபா. வாங்குவது உகந்ததா?

விடை: எதிர்பார்க்கும் செலவு = 0.20 × 15,000 = 3,000 ரூபா. கட்டணம் அதன் இரு மடங்கு. சமநிலை நிகழ்தகவு 6,000 ÷ 15,000 = 0.40 ஆகும், உண்மை நிகழ்தகவு அதன் அரைப்பங்கே. 15,000 ரூபா குடும்பத்தால் தாங்கக்கூடிய தொகையாயின் வாங்குவது உகந்ததன்று.

(குறிப்பு: "உகந்ததன்று" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். கணிப்பையும் காரணத்தையும் தருக.)

நினைவிற் கொள்க

• சட்டம் தரும் உரிமையை முதலில் அறிக.
• கட்டணத்தை எதிர்பார்க்கும் செலவுடன் ஒப்பிடுக.
• தாங்கக்கூடிய நட்டத்தை நாமே தாங்குவோம். தாங்க முடியாததற்கே பாதுகாப்பை விலைக்கு வாங்குவோம்.
• எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பிப் பணம் செலுத்தாதீர்கள்.