திறன்பேசிப் படத்தில் ஒளியும் நிறமும்

பள்ளி ஆண்டுமலர்களைப் புரட்டிப் பார்க்கும்போது ஒரு குறையை நாம் அடிக்கடி காண்கிறோம். வெள்ளைச் சீருடை அணிந்த மாணவர்கள் வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கும் குழுப்படத்தில் சட்டைகள் சாம்பல் பூத்திருக்கின்றன. கருநிற முகங்களில் கண்ணும் மூக்கும் பிரித்தறிய இயலாதவாறு இருள் அப்பிக் கிடக்கிறது. அடுத்த பக்கத்தில், கரிய திரைக்கு முன் பரதநாட்டியம் ஆடும் மாணவியின் முகமோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. பள்ளி ஒன்று, திறன்பேசி ஒன்று, படம் பிடித்தவரும் ஒருவரே. முதற்படத்தில் ஒளி குறைந்ததும் இரண்டாவதில் மிகுந்ததும் ஏன் என்னும் வினாவிலிருந்து தொடங்கினால், படக்கருவியின் அமைப்புகளுள் பாதியை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் நம்மிடையே வழங்குகின்றன. புகைப்படத்தில் புகை எங்கே என்று கேட்கும் மாணவருக்கு நாம் நிறைவான விடை சொல்ல இயலுவதில்லை. ‘ஒளியால் வரைதல்’ என்பதே மூலக் கிரேக்கச் சொற்களின் பொருளாதலின், ஒளிப்படம் என்பதை இவ்வுரையில் கொள்கிறோம். உணர்பரப்பில் விழுந்து பதிவாகும் ஒளியின் அளவை ஒளியேற்பு என்போம்.

படக்கருவிக்கு எதிரே இருப்பது சுவரா, திரையா, பிள்ளையின் முகமா என்பது அதன் ஒளிமானிக்குத் தெரியாது. வந்து சேரும் ஒளியின் அளவை மட்டுமே அது அறியும். ஆகவே உலகம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்னும் எடுகோளின்மேல் அது இயங்குகிறது. தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையை ஒளிப்படக் கலைஞர்கள் நெடுங்காலமாக அளவுகோலாகக் கொண்டிருப்பது இதனால்தான். வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சட்டையும் சட்டத்தை நிறைத்தால், ஒளி மிகுந்துவிட்டது என்று கருவி எண்ணுகிறது. அதனைக் குறைத்துச் சாம்பலை நோக்கி இழுக்கிறது. சுவரோடு சேர்ந்து முகங்களும் இருளுக்குள் இறங்கிவிடுகின்றன. கரிய திரை நிறைந்திருந்தால் இதற்கு மாறாக ஒளியைக் கூட்டுகிறது. திரை சாம்பலாகிறது, ஆடுபவரின் முகம் வெளுத்துப்போகிறது. எனவே, வெண்மை மிகுந்த காட்சிக்கு ஒளியேற்பைக் கூட்டவேண்டும்; கருமை மிகுந்த காட்சிக்குக் குறைக்கவேண்டும். முதன்முறை கேட்போருக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் தெரிந்தபின் மறக்காது.

இக்காலத் திறன்பேசிகளில் முகத்தைக் கண்டறிந்து அதற்கேற்ப ஒளியை அளக்கும் மென்பொருள் உண்டு. அது பல வேளைகளில் நன்றாகவே பணி செய்கிறது. ஆயினும் முகம் சிறிதாக இருக்கும்போதும், பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போதும், பின்னாலிருந்து வலுவான ஒளி வரும்போதும் அது தடுமாறுகிறது. தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையின் ஒளிவளைவுகளின்கீழ் குடும்பத்தை நிறுத்திப் படம் பிடித்தவர்கள் இதனை அறிவார்கள்: வளைவு பளிச்சென்று இருக்கும், பாட்டியின் முகம் இராது.

மருந்து விரல்நுனியில் இருக்கிறது. பெரும்பாலான திறன்பேசிகளில், திரையில் தெரியும் முகத்தின்மீது ஒருமுறை தொட்டால் ஒளி அவ்விடத்தைக் கொண்டு அளக்கப்படும். அருகே சிறிய கதிரவன் குறியோ ஒரு கோடோ தோன்றும். அதனை மேலே தள்ளினால் ஒளி கூடும், கீழே இழுத்தால் குறையும். தொட்ட விரலை எடுக்காமல் சற்றே அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டப்பட்டுவிடும். பின்னர் யார் குறுக்கே நடந்தாலும் மாறா. வேறெந்த அமைப்பையும் கற்றுக்கொள்ள நேரமில்லாத ஆசிரியர் இதை ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலும் போதும் என்பது எம் கருத்து.

தானியங்கி என்றால் நடுநிலையானது என்று நாம் எண்ணிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் வெள்ளைத்தோல் கொண்ட ஒரு பெண். முதலில் அவ்வாறு நின்றவரின் பெயரால் அது ‘ஷர்லி அட்டை’ எனப்பட்டது. அவருடைய தோல்நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்று கொள்ளப்பட்டது. கருந்தோல் உடையவர்களின் முகங்கள் அந்த அளவுகோலுக்குள் வரவே இல்லை. இவ்வரலாற்றை ஆராய்ந்த கனடிய அறிஞர் லோர்னா ரோத், பிற்காலத்தில் பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும் படச்சுருள்கள் உருவாகத் தூண்டுதலாக இருந்தவற்றுள் மரத்தளவாடம் விற்போரும் சாக்லேட் விற்போரும் எழுப்பிய முறையீடுகளையும் குறிப்பிடுகிறார். மனித முகங்களுக்காக வராத அக்கறை, மேசைக்காகவும் மிட்டாய்க்காகவும் வந்தது! கருந்தோலின் உண்மை நிறத்தைக் காட்டுவதைத் தனி நோக்கமாக அறிவித்து கூகள் நிறுவனம் தன் பிக்சல் 6 திறன்பேசியை வெளியிட்டது 2021ஆம் ஆண்டில்தான்.

இதனோடு சேர்த்து எண்ணவேண்டியது ‘அழகூட்டல்’ என்னும் அமைப்பு. பல திறன்பேசிகளின் முன்பக்கப் படக்கருவியில் இது நாம் கேளாமலே இயங்கிக்கொண்டிருக்கும். தோலை வழுவழுப்பாக்கும், நிறத்தை ஓரிரு படி வெளுக்கும், சிலவற்றில் மூக்கையும் தாடையையும்கூட ஒடுக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாள்தோறும் தன் முகத்தைத் திறன்பேசியில் பார்க்கிறது. தான் இருக்கும் நிறத்தில் தன்னை ஒருபோதும் காட்டாத கண்ணாடியாக அது அமைந்துவிடுகிறது. வகுப்புப் பணிக்குப் படம் பிடிக்கும் மாணவர்களிடம் முதலில் இவ்வமைப்பைத் தேடி அணைக்கச் சொல்லவேண்டும். எங்கே இருக்கிறது என்று தேடுவதே ஒரு பாடமாகும்.

இனி இருட்டில் படம் பிடிப்பது. ஒளியேற்பை முடிவுசெய்வன மூன்று: ஒளி நுழையும் துளையின் அளவு, அது நுழையும் நேரம், உணர்பரப்பின் ஒளியுணர்திறன். திறன்பேசிகள் பெரும்பாலானவற்றில் துளை மாறாதது. எஞ்சிய இரண்டையே நாம் ஆளமுடியும். தைப்பூசத்தன்று விடியுமுன் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலை நோக்கிக் காவடிகள் செல்வதைப் படம் பிடிப்பதாகக் கொள்வோம். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் கருவி இரவு அமைப்புக்குச் சென்றுவிடக்கூடும். அவ்வமைப்பு சில நொடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அசையாக் கோபுரத்துக்கு அது மிகச் சிறந்தது. காவடி எடுத்து ஆடுபவரோ அசைந்துகொண்டே இருப்பவர். மயிற்பீலியும் கைகளும் ஆவிபோல் கலங்கித் தெரியும். ஆகவே இரவு அமைப்பை அணைத்துவிட்டு, கைமுறை அமைப்புக்கு மாறி, நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்காக வைத்து, ஒளியுணர்திறனை 1600 அளவுக்கு உயர்த்தலாம். ஐஃபோனுடன் வரும் படக்கருவிச் செயலியில் இக்கைமுறை அமைப்பு இல்லாததால் வேறொரு செயலி தேவைப்படும். ஒளியுணர்திறனை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். தோன்றட்டும். புள்ளி விழுந்த முகத்தில் உணர்ச்சி தெரியும். கலங்கிய முகத்தில் ஒன்றும் தெரியாது.

நூறில் ஒரு பங்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் மின்விளக்குகள் பல, நொடிக்கு 100 முறை நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. மிகக் குறுகிய நேரத்தில் பிடித்தால் இத்துடிப்பு படத்தில் குறுக்குப் பட்டைகளாக விழும். நூறில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு ஆகியவை துடிப்போடு ஒத்துப்போகும் நேரங்கள். பள்ளி மண்டபத்தில் எடுத்த படங்களில் வரிவரியாக நிழல் விழுகிறதே என்று வியந்தவர்களுக்கு இதுவே பெரும்பாலும் விடையாகும்.

நிறத்தைப் பொறுத்தவரை வெண்சமநிலை என்னும் அமைப்பு முதன்மையானது. ஒளிக்கும் நிறம் உண்டு. அதனைக் கெல்வின் அளவில் குறிப்பர். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் குமிழ்விளக்கு ஏறத்தாழ 2700. எந்த ஒளியிலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காண நம் மூளை பழகியிருக்கிறது; கருவியும் அதனையே செய்ய முயல்கிறது. இங்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. குத்துவிளக்கின் ஒளியில் அமர்ந்திருப்பவரைப் படம் பிடித்தால், அந்தப் பொன்மஞ்சளைப் பிழையென்று கருதி அது நீலத்தைக் கலந்து வெளுத்துவிடக்கூடும். விளக்கின் மஞ்சள் வேண்டுமென்றால், வெண்சமநிலையைப் பகலொளி என்று நாமே நிறுத்திவைக்கவேண்டும்.

எண்முறைப் பெருக்கம் என்பது படத்தை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதே. முன்னோக்கி நான்கடி நடப்பது மேல். ஆண்டுமலருக்குப் படம் அனுப்புவோர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பவேண்டும். இல்லையேல் படம் சுருக்கப்பட்டு அச்சில் மங்கிவிடும்.

திருத்தத்தில் நாம் கடைப்பிடிக்கத்தக்க முதல் வழக்கம், மூலப்படத்தை வைத்துக்கொண்டு படியில் கை வைப்பது. சாய்ந்த படத்தை நேராக்கி, வேண்டாத ஓரங்களை வெட்டியபின், ஒளிக்குச் செல்லலாம். செயலிகளில் ‘ஒளிர்வு’ என்னும் கோலை நகர்த்தினால் படம் முழுவதும் வெளுக்கும். ‘நிழல்’ என்னும் கோல் இருண்ட பகுதிகளை மட்டும் உயர்த்தும். மேலே சொன்ன குழுப்படத்திற்கு வேண்டுவது அதுவே. ஆனால் அளவு மீறினால் கரிய முடி சாம்பலாகும், முகத்தில் புள்ளிகள் எழும். முற்றிலும் வெளுத்துப்போன பகுதியை எந்தக் கோலாலும் மீட்க முடியாது. அங்கே பதிவான செய்தியே இல்லை. இருண்டதில் ஓரளவு மீட்கலாம். ஐயம் தோன்றும்போது சற்றே இருட்டாகப் பிடிப்பது ஆகையால் பாதுகாப்பானது. நிறச்செறிவை இறுதியில் தொடுவது நலம். அதனை மிகுத்தால் முதலில் கெடுவது பட்டுச்சேலையின் சிவப்பு: மடிப்பும் சரிகையும் மறைந்து ஒரே சாயக்குழம்பாகிவிடும்.

எதுவரை திருத்தலாம் என்பதில் கருத்து வேறுபாடு இயல்பு. 1982ஆம் ஆண்டு பிப்ரவரி மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டைக்காகக் கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கமாக நகர்த்தியது பெருஞ்சருச்சைக்கு உள்ளாயிற்று. அன்று அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியிருந்தது. இன்று ஓரத்தில் நிற்கும் மாணவனை ஒரு தொடுதலில் அழித்துவிடும் வசதி எல்லார் கையிலும் இருக்கிறது. பள்ளி நிகழ்ச்சியின் படம் ஓர் ஆவணம். நின்றவனை அழிப்பது வருகைப்பதிவைத் திருத்துவதற்கு ஒப்பாகும் என்பது எம் துணிபு. முகத்தின் ஒளியைக் கூட்டுவதற்கும் முகத்தின் நிறத்தை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடும் இங்கே எழுகிறது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. திருத்திய படத்தை அப்பிள்ளையின் அருகிலேயே, நல்ல பகலொளியில் வைத்து ஒப்பிடுக. கண்ணின் ஒளியும் கன்னத்தின் மேடுபள்ளமும் தெளிந்திருக்க, தோல்நிறம் ஒத்திருந்தால் திருத்தம் சரி. பிள்ளையைவிடப் படம் வெளுத்திருந்தால் கோலைப் பின்னே நகர்த்துக.

வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று. ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் துணியையும் சன்னலருகே வைத்து, ஒவ்வொன்றும் சட்டத்தை முழுவதும் நிறைக்குமாறு மாணவர்கள் எந்த அமைப்பையும் தொடாமல் படம் பிடிக்கட்டும். இரு படங்களையும் அருகருகே வைத்தால், தாள் மங்கியும் துணி வெளிறியும் இரண்டும் சாம்பலை நோக்கி நகர்ந்திருப்பது பெரும்பாலும் புலப்படும். பின்னர் கதிரவன் குறியை நகர்த்தித் தாளைத் தாளாகவும் துணியைத் துணியாகவும் ஆக்கி, எவ்வளவு நகர்த்தினோம் என்பதைத் தமிழில் இரண்டு வரிகளில் எழுதட்டும். மறுநாள் அதே அளவுகளைக் கொண்டு ஒருவரையொருவர் படம் பிடிக்கலாம்.