ஆயிரத்தொரு குதிரைகள் வந்த வழி

தில்லிக்கு நான் வேலைக்கு வந்தது 1979இல். அன்று முதல் யாராவது "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் "பாலக்காடு" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். கொல்லங்கோடு என்று சொன்னால் அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன விசேஷம் என்று அடுத்த கேள்வி வரும். விசேஷம் ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். ஒரு கடைவீதி, ஒரு ரயில் நிலையம், தெற்கே நெல்லியாம்பதி மலை, சுற்றிலும் வயலும் பனையும். அப்பாவுக்குக் கடைவீதியில் சின்னப் பலசரக்குக் கடை. சரக்கு பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வரும். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கணக்கு நோட்டில் இரண்டும். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இளம் வயதில் எனக்கும் கதை எழுதும் ஆசை இருந்தது. கரோல்பாக்கில் ஒரு வாடகை அறையில் இருந்தபோது, லண்டன் மாநகரில் பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு மந்திரவாதி வருவதாக ஒரு கதை எழுதி, ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். லண்டனை நான் அதுவரை பார்த்ததில்லை, இன்றுவரையும் பார்த்ததில்லை. கதை போன வேகத்திலேயே திரும்பி வந்தது. அத்துடன் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அதே தவற்றை என் பேத்தி செய்வதைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது 13 வயது. நோட்டுப் புத்தகம் நிறைய ஆங்கிலத்தில் மாயக்கதை எழுதி வைத்திருக்கிறாள். பனி பெய்யும் மலை, கோட்டை, நெருப்பு கக்கும் பறவைப் பாம்பு, வாயில் நுழையாத பெயர்கள். "நம் ஊரை வைத்து ஒன்று எழுதக் கூடாதா, கண்ணு?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "தாத்தா, அங்கே ஒண்ணுமே இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்தக் கோடை விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். வேறொரு காரியமும் இருந்தது. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் 84 வயதான என் அத்தை மட்டும்தான் இருக்கிறார். அவருக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது, வீட்டை விற்றுவிட்டு அவரை அழைத்துக்கொள்வதா என்று உறவினர்கள் பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. கேரளா எக்ஸ்பிரசில் பாலக்காடு சந்திப்பில் இறங்கி, பஸ்ஸில் ஊருக்குப் போனோம்.

வழியில் கிணாசேரி வந்தபோது பேத்தியிடம் சொன்னேன்: "இங்கிருந்து உள்ளே போனால் தஸ்ராக் என்று ஒரு கிராமம். அந்த ஊரை வைத்து ஒருவர் எழுதிய நாவல் மலையாள இலக்கியத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டது. அதற்கு முன், அதற்குப் பின் என்று சொல்வார்கள்." அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வயல், பனை, ஒரு சாயாக்கடை. "இங்கேயா?" என்று கேட்டாள். இங்கேதான்.

அந்த எழுத்தாளர் ஓ.வி. விஜயன். பாலக்காடு மாவட்டத்து விளையன்சாத்தனூரில் 1930இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றவர். கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்திருந்த நேரம், 1956இல், அவருடைய சகோதரி சாந்தாவுக்குத் தஸ்ராக்கில் புதிதாகத் தொடங்கிய ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு விஜயனும் அங்கே போய்த் தங்கினார். கையில் வேலை இல்லாத படித்த இளைஞன் ஒரு சிற்றூரில் என்ன செய்வான்? வேடிக்கை பார்ப்பான், பேச்சுக் கேட்பான். அவரும் அதைத்தான் செய்தார்.

அங்கே அவர் கண்டவை எல்லாம் நாமும் கண்டவைதான். குழந்தைகளை மதரசாவுக்கு அனுப்புவதா, புதிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்ற தகராறு. ஒரு தையல்காரர், ஒரு முல்லாக்கா, கள் இறக்குபவர்கள், குளம், பள்ளிவாசல், அம்மை நோய் வந்தால் அம்மனுக்கு வேண்டுதல். அவ்வூர் ராவுத்தர் குடும்பங்களின் பேச்சில் தமிழ் தாராளமாகக் கலந்திருக்கும். நாவலைப் படிக்கும் தமிழருக்குப் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல் இருப்பதற்கு அதுவே காரணம்.

விஜயன் 1958இல் நம் தில்லிக்குத்தான் வந்தார். 'சங்கர்ஸ் வீக்லி' பத்திரிகையில் கேலிச்சித்திரக்காரராகச் சேர்ந்து, பின்னர் 'பேட்ரியட்' நாளிதழுக்குப் போனார். பகலில் அரசியல் தலைவர்களைப் படம் போட்டுக் கிண்டல் செய்துகொண்டே, மனதில் தஸ்ராக்கைச் சுமந்து திரிந்தார். முதலில் அவர் எழுத நினைத்தது, முற்போக்கான ஆசிரியர் ஒருவர் கிராமத்துக்கு வந்து மக்களைத் திருத்துவதாக ஒரு புரட்சிக் கதை. ஹங்கேரியில் 1956இல் நடந்த எழுச்சி நசுக்கப்பட்டதும், அதன் தலைவர் இம்ரே நாகி 1958இல் தூக்கிலிடப்பட்டதும் அவருடைய அரசியல் நம்பிக்கையை உலுக்கிவிட்டன. ஊரைத் திருத்த வந்த ஆசிரியர் போய், ஊரிடம் தன்னை ஒப்புக்கொடுக்க வந்த ரவி என்ற ஆசிரியர் பிறந்தார். தஸ்ராக் 'கசாக்' ஆயிற்று. 12 ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதிய 'கசாக்கின் இதிகாசம்' 1968இல் 'மாத்ருபூமி' வார இதழில் தொடராக வந்து, 1969இல் புத்தகமானது.

இதை மாயக்கதை என்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது. பஸ் வருகிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, ஆட்கள் கடன் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஊரின் தொடக்கமே ஒரு மாயம். ஆயிரத்தொரு குதிரைகளோடு ஒரு ஷேக் வந்தாராம். ஆயிரம் குதிரைகள் கம்பீரமானவை, ஒன்று மட்டும் நோய்ப்பட்ட கிழக்குதிரை. அந்தக் கிழக்குதிரை மீதுதான் ஷேக் ஏறி வந்தார். அதனால் நடக்க முடியாமல் போனபோது, படை முழுதும் அதற்காக நின்று, அங்கேயே குடியேறியது. அவர்களின் வாரிசுகள்தான் கசாக்குக்காரர்கள். கள் இறக்க வருகிறவனுக்காகப் பனைகள் தாமே தலை குனிந்த காலமும் அதில் உண்டு. தும்பிகள் இறந்தவர்களின் நினைவுகள் என்றும் வருகிறது. இவற்றையெல்லாம் சொல்பவர்கள் ஏதோ அதிசயம் சொல்வதாக நினைப்பதில்லை. சாயாக்கடையில் மழை நிலவரம் பேசுவது போலத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இப்படி ஒரு முறையைத் தென் அமெரிக்காவின் கார்சியா மார்க்வெஸ் பெயரோடு உலகம் சேர்த்துச் சொல்கிறது. கொலம்பியாவின் அரகடாகா என்ற சிற்றூரில், பாட்டி முகத்தை மாற்றாமல் சொன்ன பேய்க்கதைகளிலிருந்து தன் எழுத்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'நூறாண்டுத் தனிமை' ஸ்பானிய மொழியில் 1967இலும் ஆங்கிலத்தில் 1970இலும் வெளியாயிற்று. அதாவது, ஆங்கிலத்தில் அது வருவதற்கு முன்பே கசாக் அச்சேறிவிட்டது. இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. இருவரும் பாட்டிமார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்கள், அவ்வளவுதான். என் பேத்திக்குப் பிடித்த டோல்கீன்கூட, தன் குள்ள மனிதர்களின் ஊருக்கு மாதிரியாகக் கொண்டது, சிறு வயதில் வாழ்ந்த ஸேர்ஹோல் என்ற ஆங்கிலக் கிராமத்தைத்தான். ஒரு மாவு மில்லும் சில வயல்களும் இருந்த ஊர் அது. இதைச் சொன்னதும் பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

கொல்லங்கோட்டில் போய் இறங்கியபோது, 'ஒன்றுமில்லாத' என் ஊரில் ஒரே கூட்டம். இந்தியாவின் அழகிய கிராமங்கள் என்று 2023இல் இணையத்தில் சுற்றிய ஒரு பட்டியலில் எங்கள் ஊர் பெயர் வந்ததிலிருந்து, கேமராவும் கையுமாக வெளியூர்க்காரர்கள் வந்து வயலையும் சாயாக்கடையையும் படம் எடுத்துப் போகிறார்கள். மலையாளத்தின் மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் எங்கள் ராஜா பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். அவருக்கு ஊரில் நினைவகம் இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பேன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அன்று மாலை அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பனை ஓலைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. பேத்தி சும்மா கேட்டாள்: "பாட்டி, இந்த ஊர்ல பேய் உண்டா?"

"பேயா? பேய் எதுக்குக் கண்ணு, ஒடியன் இருந்தானே" என்று ஆரம்பித்தார் அத்தை.

இரவில் காளையாகவும் நாயாகவும் உருமாறி வருகிற ஒடியன். காளைக்கு ஒரு கால் குறைந்திருந்தால், நாய்க்கு வால் இல்லாமலிருந்தால் அது ஒடியன். கரிம்பனை உச்சியில் மாளிகை கட்டி, வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சி. மலையிலிருந்து விழும் சீதார்குண்டு அருவியில் குளித்த சீதை. காச்சாங்குறிச்சிப் பெருமாளைப் பிரதிஷ்டை செய்த காசியப முனிவர். கொல்லன் ஒருவனிடம் வளர்ந்த ராஜகுமாரனும், அதனால் ஊருக்கு வந்த பெயரும். அத்தை சொல்லச் சொல்லப் பேத்தி நோட்டில் எழுதினாள், ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களை.

நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "ஒடியன்னு யாரைச் சொல்வாங்க?" அத்தை கொஞ்சம் தயங்கி, "வயல்ல வேலை செய்யற ஏழைங்களைத்தான் சொல்லுவாங்க. பகல்ல அவங்களை அதட்டுறவங்க, ராத்திரி அவங்களுக்குப் பயந்தாங்க" என்றார். நிலமில்லாத ஒடுக்கப்பட்ட மக்கள் மீது ஏற்றிச் சொல்லப்பட்ட கதை அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு மாயக்கதைக்குள் எவ்வளவு நிஜம் இருக்க முடியும் என்று அன்றுதான் உணர்ந்தேன். பேத்திக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அந்த வரியின் கீழே இரண்டு முறை கோடு போட்டாள்.

மறுநாள் தஸ்ராக்குக்குப் போனோம். விஜயனோடு தொடர்புடைய ஞாற்றுப்புரையைப் பாதுகாத்து, நினைவகம் அமைத்து, கதாபாத்திரங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரபிக்குளம் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. பேத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நம்ம ஊர் மாதிரியேதான் இருக்கு" என்றாள். ஏமாற்றத்தில் சொன்னாளா, ஆச்சரியத்தில் சொன்னாளா என்று அப்போது தெரியவில்லை.

தில்லி திரும்பிய பிறகு தெரிந்தது. நோட்டில் புதிதாக ஒரு கதை தொடங்கியிருந்தாள். கொல்லங்கோடு ரயில் நிலையம். மீட்டர்கேஜ் பாதை 2008 இறுதியில் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2015இல் திறக்கும் வரை ரயிலே வராத அந்த ஆண்டுகள். அந்த நாட்களில் இரவு மட்டும் ஒரு ரயில் வருகிறது. அதில் மூன்று கால் காளை ஒன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிறது. படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஆனால் கதை பாதியில் நிற்கிறது. ஒடியனை எப்படிப் பிடித்தார்கள் என்று அத்தை சொன்னதை அவள் சரியாக எழுதிக்கொள்ளவில்லை. தொலைபேசியில் கேட்டோம். அத்தை ஒரு முறை ஒன்று சொன்னார், அடுத்த முறை வேறொன்று சொன்னார். போன மாதம் கேட்டபோது, "ஒடியனா? அது யாரு?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையோடு கேட்டார். 40 ஆண்டுகளாக விடுமுறைக்கு விடுமுறை ஊருக்குப் போய், நிலத்தையும் பத்திரத்தையும் பற்றித்தான் அவரிடம் பேசியிருக்கிறேன். ஒரு கதைகூடக் கேட்டதில்லை. அதை இனி ஈடுசெய்ய முடியாது.

வீட்டை இன்னும் விற்கவில்லை. அது வேறு விஷயம்.

நம் சங்கத்து அன்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் கோடையில் தஞ்சைக்கோ, திருநெல்வேலிக்கோ, சித்தூருக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்கள், குழந்தைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர் பக்கத்தில் ஒரு மாலை நேரம் உட்கார வையுங்கள். நம் பிள்ளைகள் எல்லாரும் விஜயன் ஆக வேண்டியதில்லை. விஜயனின் நாவலை அவரே ஆங்கிலத்தில் 1994இல் தந்திருக்கிறார். யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்புக்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. அது பெரியவர்களுக்கான நாவல். நீங்கள் படித்துவிட்டு, குதிரைக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

இப்போதெல்லாம் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், கொல்லங்கோடு என்றே சொல்கிறேன். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டால், உட்காருங்கள், கொஞ்சம் நேரம் ஆகும் என்கிறேன்.