"கிடையாது" என்று சீட்டு வந்தால்...

1971-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந்தேதி. மாலை மணி 4¼.

கேரளத்தில் கொரட்டி என்ற ஊர். அங்கே ஒரு தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டு இருந்தார். ஷிப்டு 4½ மணிக்கு. ஆலைக்கு இன்னும் ஒரு கிலோ மீட்டர்தான்.

ஒரு லாரி அவர் மீது மோதியது. அவர் கீழே விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. மோதியது யாருடைய லாரி? அவர் வேலை பார்த்த ஆலையின் லாரியேதான்!

அவர் இ.எஸ்.ஐ. சந்தாதாரர். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. "வேலைக்குப் போகும்போது அடிபட்டேன். எனக்கு உதவித்தொகை வேண்டும்" என்று மனு கொடுத்தார்.

"கிடையாது" என்று பதில் வந்தது. "விபத்து நடந்தது ரோட்டில். ஆலையில் அல்ல" என்றார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் காப்பீட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அங்கே ஜெயித்தார். இ.எஸ்.ஐ. கழகம் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கேயும் அவரே ஜெயித்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996-ம் ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. "வேலைக்குப் போகிற வழி வேலை ஆகாது" என்று கூறிவிட்டார்கள். 25 வருடம் நடந்த வழக்கில் அவர் தோற்றுப் போனார்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. 2010-ம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. வீட்டில் இருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று புதிய பிரிவு வந்தது. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

ஜி.என்.டி. ரோட்டில்

கொரட்டிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

காலை 5½ மணிக்குக் கவரப்பேட்டை பக்கம் ஜி.என்.டி. ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். 6 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் பறக்கிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், வேனில் நெருக்கி உட்கார்ந்து போகிறவர்கள்! நடுவே கல்கத்தாவுக்குப் போகிற லாரிகள். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் நிறைய உண்டு. உள்ளே நெருப்பு என்றால் வெளியே ரோடு. இரண்டிலும் ஆபத்துதான்.

அடிபட்டவுடன் ஆஸ்பத்திரியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் "ரோட்டில் விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொல்வார். அதுதான் சீட்டில் ஏறும். "ஷிப்டுக்குப் போகும்போது இத்தனை மணிக்கு இந்த இடத்தில் விழுந்தார்" என்று சொல்லி எழுத வைத்தால், பிறகு அந்த ஒரு வரியே பெரிய சாட்சி. போலீசில் கொடுக்கும் புகாரிலும் அதே வரி இருக்க வேண்டும். ஆலைக்கும் உடனே தகவல் எழுத்தில் போக வேண்டும்.

78 நாள் கணக்கு

விபத்துக்கு மட்டும் அல்ல, காய்ச்சலுக்கும் மஞ்சள் காமாலைக்கும் கூட "கிடையாது" என்ற பதில் வருவது உண்டு. காரணம் 78 நாள் கணக்கு.

மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017-ம் ஆண்டு ஜனவரியில் வந்த வரம்பு இது. 2019-ம் ஆண்டு ஜூலையில் இருந்து தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி பங்கு நூற்றுக்கு 3¼ ரூபாய். 15 ஆயிரம் சம்பளக்காரருக்குப் பிடித்தம் 113 ரூபாய். முதலாளி போடுவது 488 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு ஈடாக வைத்தியம் உண்டு. நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் குறிப்பிட்ட ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டி இருக்க வேண்டும். ஜூலை முதல் டிசம்பர் வரை படுக்கிறவருக்கு, முந்திய அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள கணக்கைப் பார்ப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒருவர் அந்த ஆறு மாதத்தில் 120 நாள் வேலை பார்த்தார். சம்பளச் சீட்டிலும் பிடித்தம் இருக்கிறது. ஆனால் காண்டிராக்டர் கட்டியது 60 நாளுக்கு மட்டும். கம்ப்யூட்டரில் பார்க்கிற அதிகாரிக்கு 60 நாள்தான் தெரியும். அவர் "கிடையாது" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் முன்னால் இருப்பது அந்தக் கணக்குத்தான்.

இங்கேதான் பலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். எழுந்து வரக்கூடாது! முதலாளி சந்தா கட்டாத குற்றத்துக்காகத் தொழிலாளி பட்டினி கிடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விசாரித்து உண்மை என்று கண்டால், இ.எஸ்.ஐ. கழகமே உதவித்தொகையைக் கொடுக்கலாம். கொடுத்ததை முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளலாம். காண்டிராக்டர் ஓடிவிட்டாலும் ஆலைக்குப் பொறுப்பு உண்டு. அதற்குத் தொழிலாளி காட்ட வேண்டியது அந்தச் சம்பளச் சீட்டு, பாங்கியில் சம்பளம் ஏறிய கணக்கு, கேட் பாஸ்.

இன்னொரு சிக்கலும் இந்தப் பக்கம் அதிகம். பீகாரில் இருந்தும் ஒரிசாவில் இருந்தும் வந்தவர்கள் ஒரு காண்டிராக்டரை விட்டு இன்னொருவரிடம் போவார்கள். புதிய காண்டிராக்டர் பழைய நம்பரைக் கேட்காமலே புதிய இ.எஸ்.ஐ. நம்பர் எடுத்துவிடுவார். ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர்! 45 நாள் ஒன்றில், 50 நாள் மற்றொன்றில். இரண்டிலும் 78 வராது. ஒருவருக்கு ஆயுள் முழுவதும் ஒரே நம்பர்தான் என்பது விதி. இரண்டையும் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தால் நாளும் சேர்ந்துவிடும்.

சம்பளம் உயர்ந்து 21 ஆயிரத்தைத் தாண்டியவர்களும் கவனிக்க வேண்டும். நடு மாதத்தில் தாண்டினால் உடனே அட்டை போய்விடாது. அந்த ஆறு மாதம் முடிகிற வரை அவர் சந்தாதாரர்தான்.

ஒரு விரலின் விலை

ரோலிங் மில்லில் விரல் போகிறது. காயம் ஆறிய பிறகு மருத்துவக் குழு பார்க்கிறது. சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்று சதவீதம் போடுகிறது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம். கட்டை விரல் என்றால் 30. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50. சட்டத்தின் அட்டவணையே இப்படிச் சொல்கிறது.

நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் முழு உதவித்தொகை அதில் 90 சதவீதம், அதாவது 540 ரூபாய். 14 சதவீதத்துக்கு நாள் ஒன்றுக்கு 75 ரூபாய் 60 காசு. ஒரு சதவீதம் கூடினால் நாளைக்கு 5 ரூபாய் 40 காசு. மாதத்துக்கு 162 ரூபாய். இது ஆயுள் உள்ள வரை வருகிற பணம். ஆகவே அடிபட்ட கை முன்போல் மடங்கவில்லை, பக்கத்து விரலும் மரத்துவிட்டது, குழு அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால், "ஒரு சதவீதம்தானே" என்று விடக்கூடாது.

மருத்துவக் குழுவுக்கு மேல் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. அதற்கு மேல் காப்பீட்டுக் கோர்ட்டு உண்டு. நேரே கோர்ட்டுக்கும் போகலாம். குழுவின் முடிவு கைக்கு வந்த தேதியைச் சீட்டின் மூலையிலேயே எழுதி வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் அப்பீலைப் போட்டுவிடுவது நல்லது. சந்தா பற்றிய தகராறு, "நீ தொழிலாளியே அல்ல" என்ற தகராறு ஆகியவற்றைக் கோர்ட்டுக்குக் கொண்டு போக மூன்று வருடம் வரை காலம் உண்டு. மூன்று வருடம் என்பதற்காக மூன்றாவது வருடம் போனால், சாட்சி சொல்ல வேண்டிய மேஸ்திரி அதற்குள் சொந்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம், 2025 நவம்பர் 21-ந்தேதி முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. காப்பீட்டுக் கோர்ட்டும் அப்பீல் உரிமையும் அதிலும் இருக்கின்றன.

யார் துணை?

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்பதுதான் வீட்டில் முதலில் எழும் கேள்வி.

காப்பீட்டுக் கோர்ட்டில் வக்கீல்தான் பேச வேண்டும் என்பது இல்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி, தொழிலாளியிடம் எழுத்தில் அதிகாரம் பெற்று அவருக்காக நிற்கலாம். யூனியன் ஆபீசில் பழைய ஃபைல்களோடு உட்கார்ந்திருக்கும் செயலாளர்கள், இந்தக் கணக்கில் சில வக்கீல்களையே மிஞ்சுவார்கள்.

யூனியன் இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும். திருவள்ளூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரர் திருவள்ளூருக்கு ரெயிலில் போவதானால், சென்னைக்கு வந்து வண்டி மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். பொன்னேரி கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அதே ரெயில் பாதைதான். போனில் கேட்க 15100 என்ற நம்பர். இ.எஸ்.ஐ.யின் இலவச நம்பர் 1800 11 2526.

முதல் வேலை, "கிடையாது" என்பதை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொள்ளாமல் எழுத்தில் கேட்பது. காரணத்தோடு எழுதிய உத்தரவு இல்லாமல் எந்தத் துணையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காவலாளியின் குடும்பம்

மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே காவலாளியாக இருந்தவருக்கு அதிகாலை 3 மணிக்கு வேலை. 2003-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந்தேதி மோட்டார் சைக்கிளில் போனார். ஆலைக்கு 5 கிலோ மீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்துவிட்டார். மனைவி, நான்கு குழந்தைகள், வயதான தாய் மிஞ்சினார்கள்.

அவர்கள் கேட்டது இ.எஸ்.ஐ. பணம் அல்ல. தொழிலாளர் நஷ்டஈடு. கீழ்க்கோர்ட்டு 3 லட்சத்து 26 ஆயிரத்து 140 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2011-ல் பம்பாய் ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. "வேலைக்குப் போகிற வழி" என்ற அதே பழைய காரணம்!

குடும்பம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி தீர்ப்பு வந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்த்த பிரிவு, முன்பே இருந்த கருத்தைத் தெளிவுபடுத்த வந்தது, ஆகவே அதற்கு முந்திய விபத்துக்கும் பொருந்தும், நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் அதே அர்த்தம்தான் என்று நீதிபதிகள் கூறினார்கள். கீழ்க்கோர்ட்டு சொன்ன தொகை அப்படியே நிலைத்தது. வட்டி நூற்றுக்கு 12 வீதம், 2003-ம் ஆண்டு மே 22-ந்தேதியில் இருந்து.